மிச்சம் என்று எழுதியதும் மிச்சமாய் நின்றதும்

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள், தவக்காலத்தின் முதல் வெள்ளி. மாலையில் சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் நம் பங்கின் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய தமையனார் குடும்பத்தோடு அமெரிக்காவில் வாழ்பவர். ஆதலால் அந்நாட்டுச் செய்திகளை அவர் உன்னிப்பாகக் கவனித்து வருபவர். “சாமி, அமெரிக்க அரசு செலவைக் குறைக்கிறோம் என்று ஒரு துறையே ஏற்படுத்தியிருக்கிறது. இவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று வாரத்துக்கு வாரம் தொகையை ஏற்றிச் சொல்கிறார்கள். ஆண்டு முடியும்போது எவ்வளவு மிச்சம் என்று சொல்வார்கள்? நீங்களும் ஒரு தொகை சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொண்டு பார்க்கலாம்” என்றார்.

தம்பி கேட்ட கேள்வியில் ஒரு நுட்பம் இருந்ததை நாம் அப்பொழுது சரிவரக் கவனிக்கவில்லை. “எவ்வளவு மிச்சம் ஆகும்?” என்று அவர் கேட்கவில்லை, “எவ்வளவு மிச்சம் என்று சொல்வார்கள்?” என்றே கேட்டார். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கடலளவு தூரம் உண்டு. அத்தூரத்தைப் பற்றியே இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களோடு சிறிது உரையாட விழைகின்றோம். அமெரிக்காவின் கணக்கு நமக்கு எதற்கு என்று யாரும் எண்ண வேண்டுவதில்லை. அக்கணக்கில் நம்மைப் போன்றோரின் பங்கும் ஒரு மூலையில் இருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சொன்ன தொகை

2024 அக்டோபர் 27-ஆம் நாள் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்த தேர்தல் கூட்டத்தில், அரசின் செலவிலிருந்து எவ்வளவு வெட்டலாம் என்று வினவப்பட்டபோது, பெருஞ்செல்வரான எலான் மஸ்க் குறைந்தது 2 லட்சம் கோடி டாலர் வெட்டலாம் என விடையிறுத்தார். தேர்தலில் டொனால்ட் டிரம்ப் வென்றார். நவம்பர் 12-ஆம் நாள், “அரசுத் திறன் துறை” என்னும் புதிய அமைப்பை மஸ்கும் விவேக் ராமசாமியும் நடத்துவர் என்றும், 2026 ஜூலை 4-ஆம் நாளுக்குள் அதன் பணி நிறைவுறும் என்றும் அவர் அறிவித்தார். ராமசாமியின் பெற்றோர் கேரளத்திலிருந்து குடியேறியவர்கள். அவர் பயின்றதோ சின்சினாட்டி நகரில் இயேசு சபையார் நடத்தும் பள்ளி. ஆயின் 2025 சனவரி 20-ஆம் நாள் அத்துறை முறைப்படி தோன்றிய அன்றே அவர் அதினின்றும் விலகிக்கொண்டார்.

2 லட்சம் கோடி என்னும் தொகையை எடைபோட ஒரு தராசு வேண்டும். 2024 நிதியாண்டில் அமெரிக்க மைய அரசின் மொத்தச் செலவு ஏறத்தாழ 6.75 லட்சம் கோடி டாலர். அதில் பத்தில் ஏழு பங்கு, முதியோர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவம், ஏழையர் மருத்துவம், கடனுக்கு வட்டி, நாட்டுப் பாதுகாப்பு ஆகிய ஐந்துக்கே போய்விடுகிறது. ஆண்டுதோறும் சட்டமன்றம் கூடி வாக்களித்து ஒதுக்கும் தொகை ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி. அதிலும் பாதி பாதுகாப்புக்கு உரியது. அரசு அலுவலர் அனைவருடைய ஊதியமும் சேர்ந்து மொத்தச் செலவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. ஆக, படையையும் சேர்த்து, ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் அனைத்தையும் ஒரு காசு விடாமல் நிறுத்தினாலும் 2 லட்சம் கோடி தேறாது. ஓய்வூதியத்தில் கை வைத்தாலன்றி முடியாத செயல் அது. முதியோர் வாக்கை நாடும் எந்த அரசியலாரும் அதில் எளிதில் கை வைக்கமாட்டார்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். எனவே சொன்ன தொகை இறங்கும் என்பதை முன்னறிவது எளிது; இறங்கவும் செய்தது. 2025 சனவரியிலேயே மஸ்க், 2 லட்சம் கோடி என்பது மிகச் சிறந்த விளைவு, 1 லட்சம் கோடிக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்னும் கருத்தில் பேசினார். ஏப்ரல் 10-ஆம் நாள் அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் எதிர்பார்ப்பதாகக் கூறிய தொகை 15,000 கோடி. முதலில் சொன்னதில் பதின்மூன்றில் ஒரு பங்கு.

ரசீதுகள்

வாக்குறுதி இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அத்துறை தன் இணையதளத்தில் எழுதிய மிச்சத் தொகை ஏறிக்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரி 17-ஆம் நாள் 5,500 கோடி டாலர் மிச்சம் என்று அறிவித்து, அதற்குச் சான்றாக ரத்துச் செய்யப்பட்ட ஒப்பந்தங்களின் பட்டியலையும் வெளியிட்டது. பட்டியலைக் கூட்டிப் பார்த்த செய்தியாளர்க்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 1,600 கோடி மட்டுமே. அதிலும் பாதி, அதாவது 800 கோடி, ஒரே ஒப்பந்தத்தின் பெயரில் இருந்தது. அவ்வொப்பந்தத்தின் மெய்யான மதிப்பு 80 லட்சம் டாலர்! அயல்நாட்டு உதவி முகமையின் 65.5 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று மூன்று முறை எண்ணப்பட்டிருந்தது. பிழைகள் சுட்டப்பட்டதும் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆயினும் மொத்தத் தொகை இறங்கவில்லை. 6,500 கோடி ஆயிற்று. மார்ச்சுத் தொடக்கத்தில் 10,500 கோடி ஆயிற்று.

எழுத்துப் பிழையினும் நுண்ணிய பிழை ஒன்று உண்டு. அரசு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது, இவ்வளவு வரை பொருள் வாங்கலாம் என்று ஓர் உச்ச எல்லை குறிப்பது வழக்கம். அந்த எல்லை செலவன்று. மூலையிலுள்ள அண்ணாச்சி கடையில் திங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் வரை பற்றுவைத்துச் சரக்கு வாங்க நமக்கு இசைவு உண்டு என்று கொள்வோம். நாம் வாங்குவதோ இரண்டாயிரத்துக்குத்தான். ஒருநாள் அக்கணக்கை மூடிவிட்டு, “ஐயாயிரம் மிச்சம் பிடித்தேன்” என்று இல்லத்தலைவர் பெருமை பேசினால் இல்லத்தரசி நகைக்க மாட்டாரா? உச்ச எல்லையையே மிச்சமாக எழுதிய இனங்கள் அப்பட்டியலில் பல. ரத்துச் செய்யப்பட்டவற்றுள் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஒப்பந்தங்களால் ஒரு காசும் மிச்சமாகாது என்பது, பிப்ரவரித் திங்களில் வெளியான அத்துறையின் சொந்தப் பட்டியலிலிருந்தே தெரிந்தது. பணம் முன்னரே கொடுத்தாயிற்று. அல்லது கொடுப்பதாக உறுதி செய்தாயிற்று. உண்டு முடித்த விருந்தை ரத்துச் செய்வதால் அரிசி மீளுமா?

இன்னொன்றும் அறியத்தக்கது. அமெரிக்காவில் அரசுக் கருவூலத்தின் சாவி சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. அது ஒரு துறைக்கு ஒதுக்கிய பணத்தைக் குடியரசுத் தலைவர் தம் விருப்பப்படி செலவிடாமல் நிறுத்தி வைப்பதை 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஓர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தால், அப்பணம் அத்துறையின் ஒதுக்கீட்டிலேயே கிடக்கும்; வேறொரு வேலைக்குச் செலவாகவும் கூடும். சட்டமன்றம் முன்வந்து ஒதுக்கீட்டையே திரும்பப் பெற்றால்தான் அது உறுதியான மிச்சம். அவ்வாறு 2025 ஜூலையில் சட்டமாகித் திரும்பப் பெறப்பட்ட தொகை ஏறத்தாழ 900 கோடி டாலர். பெரும்பகுதி அயல்நாட்டு உதவி. எஞ்சியது பொது வானொலி, தொலைக்காட்சிக்கு உரியது.

எழுதி வைத்த இரு தொகைகள்

இனி, நம் இளைஞரின் குறிப்பேட்டுக்கு வருவோம். அவர் கணக்கிட்ட முறை இது: பிப்ரவரி 17-இல் 5,500 கோடி, மார்ச்சுத் தொடக்கத்தில் 10,500 கோடி, இரு வாரத்தில் 5,000 கோடி ஏறியது, ஆண்டு முடிய இன்னும் இருபத்தொரு இருவாரங்கள் உள்ளன, ஆகவே ஆண்டிறுதியில் 1 லட்சம் கோடியைத் தாண்டும். அப்படியே எழுதினார். நாமோ அத்தொகையில் ஐயுற்று, அதில் பாதியாக 50,000 கோடி என்று எழுதச் சொன்னோம்.

ஏப்ரல் இறுதியில் அத்துறை எழுதிய தொகை 16,000 கோடி. மே இறுதியில் மஸ்க் அரசுப் பணியிலிருந்து விலகியபோது 17,500 கோடி. அக்டோபரில் 21,400 கோடி. நவம்பரில், அரசுப் பணியாளர் அலுவலகத்தின் தலைவர், அத்துறை ஒரு மைய அமைப்பாக இனி இல்லை என்று செய்தியாளரிடம் கூறினார். குறித்த கெடு முடியுமுன்னரே அதன் ஆரவாரம் அடங்கிற்று. டிசம்பரில் மஸ்க் தாமே ஓர் உரையாடலில், ஓரளவே வெற்றி கண்டோம் என்றும், மீண்டும் இப்பணியை ஏற்கமாட்டேன் என்றும் பொருள்படப் பேசினார்.

எனவே நாம் இருவருமே தவறினோம். இளைஞரின் தவறு யாது? ஏறும் படியை எண்ணி, ஏணி வானம்வரை நீளும் என்று கொண்டதுதான். மாமரத்தில் கைக்கெட்டும் கிளையிலுள்ள காய்களை முதல் நாளே பறித்துவிடலாம். அன்று நிறைந்த கூடைகளை எண்ணிப் பருவம் முழுவதற்கும் பெருக்கலாமா? பெரிய ஒப்பந்தங்கள் முதலில் வெட்டப்படும்; பின்னர் சிறியவை எஞ்சும்; நீதிமன்றங்கள் குறுக்கிடும்; வெட்டுவோர்க்கும் களைப்பு வரும்.

நம் தவறு அதனினும் நாணத்தக்கது. நம்மிடம் முறையே இல்லை. அவர் சொன்ன தொகையைப் பாதியாக்கியது ஆராய்ச்சியன்று, வெறும் ஐயம். ஒருவர் பெருந்தொகை ஒன்றைக் கூறிவிட்டால், அதை மறுப்பவரும் அதன் நிழலிலேயே நின்று மறுக்கிறார் என்பதை நாம் அன்று கற்றோம். சந்தையில் நூறு என்று கூறப்பட்ட பொருளை ஐம்பதுக்குப் பேசி வாங்கி மகிழ்கின்றோம். அதன் மெய்யான விலை இருபது என்பது நம் எண்ணத்துக்கே எட்டுவதில்லை.

முன்னர் நடந்தவை

நாம் அன்று செய்திருக்க வேண்டியது ஒன்றுண்டு: இத்தகைய முயற்சிகள் முன்னர் எவ்வாறு முடிந்தன என்று பார்த்திருக்க வேண்டும்.

1982-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரேகன், தொழிலதிபர் பீட்டர் கிரேஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். கிரேஸ் கத்தோலிக்கர், திருச்சபைப் பணிகளில் ஈடுபாடு மிக்கவர். அக்குழு 1984-இல் 2,478 பரிந்துரைகளை அளித்து, மூன்று ஆண்டுகளில் 42,400 கோடி டாலர் மிச்சமாகும் என்றது. சட்டமன்றத்தின் வரவு செலவு அலுவலகமும் கணக்காய்வு அலுவலகமும் சேர்ந்து அவற்றுள் முக்கியமானவற்றை ஆராய்ந்து, மூன்றாண்டு மிச்சம் ஏறத்தாழ 9,800 கோடி என மதிப்பிட்டன. அதுவும் பரிந்துரைகள் நிறைவேறினால்தான்.

1993-இல் துணைக் குடியரசுத் தலைவர் ஆல் கோர் தலைமையில் மற்றொரு முயற்சி; ஐந்தாண்டில் 10,800 கோடி மிச்சம் என்பது அதன் வாக்குறுதி. அதன் பரிந்துரைகள் சிலவற்றைக் கொண்ட மசோதா ஒன்றால் 590 கோடி மிச்சமாகும் என அரசு கூற, வரவு செலவு அலுவலகமோ 30.5 கோடி என்றது. இருபதில் ஒரு பங்கு! பின்னர் 1999-இல் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து, சொல்லப்பட்ட மிச்சம் அனைத்தையும் அம்முயற்சியின் பயன் என்று கொள்ள இயலாது என்றும், சில தொகைகள் இருமுறை எண்ணப்பட்டன என்றும் கண்டது.

கட்சி வேறாயினும் கதை வேறன்று. நாடு வேறாயினும் அவ்வாறே. பிரிட்டனில் 2004-இல் சர் பீட்டர் கெர்ஷன் வகுத்த திட்டத்தின்படி 1,330 கோடி பவுண்டு மிச்சமாகிவிட்டது என அரசு கூறிய தொகையை 2007-இல் அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் மூன்றாகப் பிரித்தது: ஐயமின்றி ஏற்கத்தக்கது 350 கோடி; ஓரளவு ஏற்கலாம், ஆயினும் அளவிட்ட முறையில் குறை உண்டு என்பது 670 கோடி; மிச்சமே அன்றாக இருக்கக்கூடும் என்பது 310 கோடி. ஏற்கத்தக்கது நான்கில் ஒரு பங்கு.

இம்மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு பாடம் புலனாகிறது. மிச்சம் பிடிப்பவரே அதை அளப்பவராகவும் இருந்தால் அளவை பெருகும். பிறர் அளந்தால் அது நான்கில் ஒன்றாகவோ அதனினும் குறைவாகவோ சுருங்கும். இதனை அறிந்திருந்தால், 2 லட்சம் கோடி என்று கேட்டவுடனேயே அதன் சிறு பங்கையே எழுதியிருப்போம்.

பொய்யர் என்று அனைவரையும் பழிக்க நாம் விழையவில்லை. வீண் செலவு என்பது கற்பனையன்று. மோசடியால் அமெரிக்க அரசு ஆண்டுதோறும் 23,300 கோடி முதல் 52,100 கோடி டாலர் வரை இழக்கக்கூடும் என்று 2024-இல் அதே கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. தேவைப்படுவது களையெடுப்பு. களையை அடையாளம் காணப் பொறுமையும் பயிரறிவும் வேண்டும். அரிவாளை வீசிக்கொண்டே வயலில் ஓடுபவர் சாய்த்ததையெல்லாம் களை என்று எண்ணிவிடுகிறார்.

நமது சொந்தக் கணக்கு

பிறருடைய கணக்கை இவ்வளவு கூறிய நாம் நம் கணக்கையும் கூறுவதே முறை.

2009-ஆம் ஆண்டு நாம் ஒரு பங்கின் பொறுப்பை ஏற்றபோது அங்கே கடன் இருந்தது. இளமை மிடுக்கில், ஓராண்டில் 60,000 ரூபாய் மிச்சம் பிடிப்போம் என்று ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் கூறிவிட்டோம். கூறிய பின்னர் அத்தொகையை எட்ட வேண்டுமே! திருவிழாவுக்குப் பேண்டு வாத்தியம் வேண்டாம் என்றோம். அவ்வாண்டு அவர்கள் கேட்ட தொகை 25,000; அதை அப்படியே மிச்சம் என்று எழுதினோம். முந்திய ஆண்டு அவர்கட்குப் பேசித் தந்தது 10,000-தான் என்பதை எண்ணவில்லை. விளக்கு அலங்காரத்தில் 5,000 குறைத்தோம். எஞ்சிய 30,000? கோயிலைப் பெருக்கி, மணியடித்து, பீடத் துணிகளை மடித்து வைத்துவந்த கோயில்பிள்ளையின் திங்கள் ஊதியம் 2,500 ரூபாய். ஆண்டுக்குச் சரியாக 30,000. “இளைஞர் இயக்கத்தார் முறைவைத்துச் செய்வார்கள், நீங்கள் ஓய்வெடுங்கள்” என்று அம்முதியவரை அனுப்பிவிட்டோம். கணக்கு நேராயிற்று, நம் உள்ளமும் பூரித்தது.

ஆண்டிறுதியில் பங்குப் பேரவையின் பொருளாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ரொக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். முந்திய ஆண்டைவிடக் கூடுதலாகக் கையில் நின்றது 4,000 ரூபாய். “சாமி, நோட்டில் மிச்சம் இருக்கிறது, பெட்டியில் காணோமே” என்றார் அமைதியாக.

காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பேண்டு வாத்தியத்தில் மெய்யான மிச்சம் 10,000-தான். மாலையில் சன்னல் சாத்துவாரின்றி மழைநீர் புகுந்து ஆர்மோனியம் கெட்டது. பழுது பார்க்க 9,000. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடிக் கருகியது, 11,000. இளைஞர்கள் இரண்டு திங்களில் ஓய்ந்துவிட, பெருக்கவும் கழுவவும் கூலிக்கு ஆள் வைத்தோம், 16,000. இவையன்றி மெழுகுவர்த்தி, மின்சாரம் என விலையேற்றத்தில் 5,000. முன்னர் இவற்றையெல்லாம் தடுத்து நின்றவர் அந்த முதியவர். அவர் தடுத்து வந்த இழப்புகள் எந்த ஏட்டிலும் வரவாக எழுதப்படவில்லை. நடவாத தீங்குக்கு யார் ரசீது தருவார்?

அவ்வோராண்டும் அவர் திருப்பலிக்கு வராமல் இருந்ததில்லை. ஆனால் பீடத்தருகே நின்று பழகியவர் கடைசி வரிசைக்குப் பின்னால், தூணோரம் நின்றார். அவருடைய மனைவிக்கு இரத்தக் கொதிப்பு; மருந்து வாங்கப் பேரனின் பள்ளிச் செலவைக் குறைத்துக்கொண்டனர் என்பதைப் பின்னர் ஓர் அருட்சகோதரியார் வழியாகத்தான் அறிந்தோம். நாம் எழுதிய 30,000 மிச்சம் என்பது அவ்வீட்டின் அடுப்பிலிருந்து எடுத்துவந்த தணல்.

யாருடைய அடுப்பு?

இதே வினாவைப் பெரிய கணக்கிலும் எழுப்ப வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,54,000 அரசு ஊழியர்கள் விலகல் திட்டத்தை ஏற்றனர். அவர்களுள் பெரும்பாலார்க்கு 2025 செப்டம்பர் வரை வேலையின்றியே ஊதியம் தரப்பட்டது. அச்செலவு மிச்சப் பட்டியலில் கழிக்கப்படவில்லை. பிப்ரவரியில் அணு ஆயுதப் பாதுகாப்பு முகமையிலும் வேளாண்மைத் துறையிலும் நீக்கப்பட்டோர் பலரை, அவர்களின்றி இயலாது எனக் கண்டு, சில நாள்களிலேயே மீண்டும் அழைத்தனர். தகுதிகாண் பருவத்தில் நீக்கப்பட்ட பல்லாயிரவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு மார்ச்சு 13-இல் நீதிபதிகள் ஆணையிட்டனர். வரி வசூலிக்கும் அலுவலகத்தில் ஆளைக் குறைத்தால் ஊதியம் மிச்சமாகலாம்; வராமற்போகும் வரியை யார் கழிப்பது? இவ்வாறு வெட்டியதால் விளைந்த செலவே 13,500 கோடி டாலர் என்று, பொதுப்பணி நலனுக்காக உழைக்கும் ஓர் அமைப்பு மதிப்பிட்டது. அதுவும் ஒரு மதிப்பீடுதான். அதையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். ஆனால் அது சுட்டும் பக்கம் பட்டியலில் இல்லாத பக்கம்.

அனைத்தினும் விரைவாகவும் ஆழமாகவும் வெட்டு விழுந்தது அயல்நாட்டு உதவியில். மொத்தச் செலவில் அதன் பங்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. 2025 மார்ச்சு 10-ஆம் நாள், அந்த உதவி முகமையின் திட்டங்களில் 83 விழுக்காடு, ஏறத்தாழ 5,200 ஒப்பந்தங்கள், நீக்கப்பட்டன என அயலுறவு அமைச்சர் அறிவித்தார். ஜூலை முதல் நாளோடு அம்முகமை தனியே இயங்குவது நின்றது. அமெரிக்க ஆயர்களின் துயர்துடைப்பு அமைப்பான கத்தோலிக்கத் துயர்துடைப்புப் பணி நிறுவனம் தன் வரவில் ஏறத்தாழப் பாதியை அம்முகமையிடமிருந்தே பெற்றுவந்தது; அதன் பணிகளும் பணியாளரும் பெரிதும் குறைக்கப்பட்டனர்.

1943-இல் தோன்றி 1946 முதல் நம் நாட்டிலும் உழைத்துவரும் அந்நிறுவனத்தை நம் முதியோர் அறிவர். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையும் பால்மாவும் அந்நாளில் நம் பங்குக் கோயில்களின் முற்றத்திலும் அளந்து கொடுக்கப்பட்டதை, வரிசையில் பாத்திரத்தோடு நின்றவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். நம் பெற்றோர் பருகிய அந்தப் பாலும் ஒரு நாட்டின் வரவு செலவு ஏட்டில் ஒரு வரியாக இருந்தது. அன்று எவரேனும் அவ்வரியை அடித்து “மிச்சம்” என்று எழுதியிருந்தால் பிழை காண ஒரு கணக்கரும் இருந்திருக்கமாட்டார். இன்று ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் அத்தகைய வரிசைகள் பல கலைந்துவிட்டன.

இவ்வளவுக்கும் பின் மொத்தக் கணக்கு என்ன ஆயிற்று? 2024 நிதியாண்டில் 6.75 லட்சம் கோடியாக இருந்த செலவு 2025-இல் ஏறத்தாழ 7 லட்சம் கோடியாக உயர்ந்தது. முதியோர் பெருகினர், மருத்துவச் செலவும் வட்டியும் ஏறின. வெட்டியிராவிடில் இன்னும் சிறிது உயர்ந்திருக்கும் என்பது நேர்மையான வாதமே. ஆயினும் பெட்டியைத் திறந்து பார்த்த குடிமகனுக்குக் காட்ட அங்கே மிச்சம் ஏதுமில்லை.

மூன்று பத்திகள்

அன்பு வாசகர்களே! இல்லத்திலாயினும், பங்கிலாயினும், அன்பியத்திலாயினும், நீங்கள் சிக்கனத் திட்டம் ஒன்றை மேற்கொள்ளும்போது ஏட்டில் மூன்று பத்திகள் வரையுங்கள். முதற் பத்தியில், மிச்சம் பிடிப்போம் என்று சொன்னது. இரண்டாவதில், மிச்சம் பிடித்தோம் என்று எழுதியது. மூன்றாவதில், ஆண்டிறுதியில் பெட்டியில் மெய்யாக நின்றது. மூன்றாம் பத்தியை நிரப்புபவர் முதல் இரண்டையும் நிரப்பியவராக இருத்தலாகாது. தொகையை முன்னரே கூட்டத்தில் அறிவித்துவிடாதீர்கள். அறிவித்த தொகை ஒரு முதலாளியாகி நம்மை வேலை வாங்கும். அதற்கு இரை தேடி நாம் எளியவர் வாயிலில் போய் நிற்போம். ஏனெனில் எளியவருக்கு உரியது சிறு தொகையாயினும் எதிர்ப்பின்றிக் கிடைப்பது.

எதிர்காலத்தில் எந்த அரசும், எக்கட்சியும், எந்நாடும், “இத்தனை கோடி மிச்சம்” என்று அறிவிக்கும்போது வியக்கவும் வேண்டா, எள்ளவும் வேண்டா. யார் அளந்தார், எதை அளந்தார், எவருடைய அடுப்பிலிருந்து எடுத்தார் என்று மூன்று வினா கேளுங்கள். விடை வரும்வரை நான்கில் ஒரு பங்கை மட்டும் மனத்தில் எழுதி வையுங்கள்.

பொருளாளர் ஏட்டைக் காட்டிய அன்று மாலையே நாம் கோயில்பிள்ளையின் வீட்டுக்குச் சென்றோம். சொல்லக் கருதிய சொற்கள் எவையும் வாயில் வரவில்லை. “நாளை முதல் வர முடியுமா?” என்று மட்டும் கேட்டோம். அவர் நம்மை உற்று நோக்கினார். ஒரு குறையும் கூறவில்லை. துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு எழுந்தார்.

“சாவியைக் கொடுங்க சாமி. மழை வரும்போலத் தெரியுது, சன்னலைச் சாத்தணும்” என்றார்.